அடுப்பா, சாலையோரக் கடையா? நைரோபி முதல் சாம்பெசி வரை சைக்கிள் பயணிக்கு எது நல்லது

சைக்கிளில் ஆப்பிரிக்கா போகத் திட்டமிடுகிறவர்கள் டயரையும் விசாவையும் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். சாப்பாட்டுப் பேச்சு வந்தால் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்: “அடுப்பு எடுத்துப் போகிறேன், நானே சமைத்துக்கொள்வேன், அதுதான் வயிற்றுக்குப் பாதுகாப்பு.” அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே விடை சொல்ல முடியாது. கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரையிலான புகழ்பெற்ற வழி, 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபிறகு இடையில் அறுந்துவிட்டது. ஆகவே நைரோபியில் தொடங்குகிற வழியை எடுத்துக்கொள்கிறேன். நமங்கா எல்லை, அருஷா, டொடோமா, இரிங்கா, ம்பெயா என்று தான்சானியாவைக் கடந்து, மலாவி ஏரிக்கரையோடு லிலோங்வே, பிறகு சாம்பியாவின் சிபாட்டா, லுசாகா, லிவிங்ஸ்டன், கடைசியில் சாம்பெசி ஆறு.

அடுப்பு தருவதும் கேட்பதும்

அடுப்புக்காரர்களின் வாதம் எளிது. நேரம் நம் கையில், எண்ணெய் நம் கையில், சுத்தம் நம் கையில். சைவ உணவுக்காரர்களுக்கு இது இன்னும் இனிக்கும்.

நடப்பது வேறு. பெட்ரோலில் எரியும் அடுப்பு, எரிபொருள் புட்டி, பாத்திரம், அரிசி, எண்ணெய், வெங்காயம் எல்லாம் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும். ஏற்றச் சாலைகளில் அந்த எடை ஒவ்வொரு மிதியிலும் தெரியும். அதையும் சகித்துக்கொள்ளலாம். தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டுக் கூடாரம் அடித்தவன் பருப்பு வேக வைத்துக் காய் நறுக்கிச் சமைக்கிறானா? பெரும்பாலான மாலைகளில் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறான். நாள் முழுக்க மிதிக்கிற உடம்பு சாதாரண நாளைப்போல ஏறத்தாழ இருமடங்கு உணவு கேட்கும். அதற்கு நூடுல்ஸ் போதாது. புரதம் குறைந்த நாள்கள் அடுக்கடுக்காகச் சேரும்போது தொடை முதலில் சொல்லும், பிறகு சளியும் ஆறாத சிராய்ப்பும் சொல்லும்.

சுத்தம்? சங்கிலி எண்ணெய் படிந்த கையை அரைக் குவளைத் தண்ணீரில் கழுவி, அதே நீரில் தட்டையும் அலசுகிற சமையலறை அது. வயிற்றுப்போக்குக்குக் கடைக்காரம்மாளைத் திட்டுகிற பயணிகளில் பலருக்கு அது சொந்தக் கையிலிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு அந்தி சாய்ந்ததும் கடிக்கத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் சமையற்காரர் கூடாரத்துக்கு வெளியே, கணுக்கால் தெரியக் குந்தியிருக்கிறார்.

கடை

தான்சானியாவின் சிற்றூர்களில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரக் கொட்டகைகளில் மூன்று நான்கு பெரிய அலுமினியப் பானைகள் கரியடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். இவற்றை நடத்தும் பெண்களை மாமா லிஷே என்று அழைப்பார்கள். ஒன்றில் சோறு, ஒன்றில் சிவப்பு அவரை, ஒன்றில் ம்சிச்சா என்கிற தண்டுக்கீரை. பக்கத்தில் மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டிய உகாலி. வாசலில் குழாய் வைத்த பிளாஸ்டிக் டப்பா, கீழே வாளி, பக்கத்தில் சோப்பு. சில இடங்களில் ஒரு பெண் கூஜாவோடு வந்து உங்கள் கையில் வெந்நீர் ஊற்றுவார். உகாலியைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்பதால் கழுவாமல் யாரும் உட்காருவதில்லை. அவரை மணிக்கணக்கில் கொதித்திருக்கும், உகாலி கையைச் சுடும். கிருமிக்கு அங்கே வேலை இல்லை.

சத்தைப் பார்த்தாலும் கடைதான் முந்துகிறது. சோறும் அவரையும் கீரையும் ஒரே தட்டில். கூடவே ஒரு அவகாடோவும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டால் மிதிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? கென்யாவில் சப்பாத்தியும் பச்சைப்பயறுக் குழம்பும் கிடைக்காத ஊர் குறைவு. காலையில் தான்சானியக் கடைகள் மாட்டெலும்பு சூப்பும் சப்பாத்தியும் தருகின்றன; வியர்வையில் போன உப்பை மீட்க இதைவிட நல்ல காலையுணவு இல்லை. இறைச்சி தொடாதவர்களுக்கு உஜி என்கிற கஞ்சியும், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துக் குழிச்சட்டியில் சுடும் விட்டும்புவாவும் இருக்கின்றன. நம் குழிப்பணியாரத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

எல்லாக் கடையும் ஒன்றல்ல. ஆவி பறக்கும் பானை, மூடி, லாரி ஓட்டுநர்கள் கூட்டம் இருந்தால் உட்காருங்கள். கச்சும்பரி என்று தட்டோரத்தில் வைக்கும் பச்சை வெங்காயம் தக்காளியை ஒதுக்கிவிடுங்கள். நறுக்கி வைத்த மாம்பழத்தையும் தண்ணீர் கலந்த பழச்சாற்றையும் அப்படியே. சிப்சி மயாய் தனிக் கதை. காலையிலேயே பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் ஆறவிட்ட உருளைக்கிழங்குத் துண்டுகளை வாணலியில் போட்டு, அடித்த முட்டையை மேலே ஊற்றி, இருபுறமும் திருப்பி எடுப்பார்கள். முட்டை உள்வரை வெந்து, கிழங்கு மறுபடி சூடேறினால் அது அருமையான மாலை உணவு. அவசரப்பட்டுப் பாதி வேக்காட்டில் எடுத்தால் வம்பு. “நன்றாக வேகட்டும்” என்று சைகை காட்டுவதில் வெட்கம் வேண்டாம்.

கடை தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். மதியம் மூன்றுக்கு மேல் பானைகள் காலியாகிவிடும். ரமலான் மாதத்தில் கொண்டோவா போன்ற முஸ்லிம்கள் நிறைந்த வட்டாரங்களில் பகல் கடைகள் பலவும் மூடியிருக்கும். மலாவியில் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக்கு முந்தைய பஞ்சக்காலம். மக்காச்சோளம் விலை ஏறி, சாலையோர உணவும் சுருங்கும். சிபாட்டாவிலிருந்து லுசாகா வரை சுமார் 570 கிலோமீட்டர் ஓடும் கிரேட் ஈஸ்ட் சாலையில் கடைகளுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள். சாம்பியாவில் ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் ன்சிமாவோடு (உகாலிக்கு அங்கே உள்ள பெயர்) கபெண்டா என்கிற பொடிமீன் வரக்கூடும். சைவர்கள் ‘மீனும் வேண்டாம், அவரை, கீரை’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இந்த ஓட்டைகளை அடைக்க அடுப்பு வேண்டியதில்லை. காலையில் வாங்கிய அவித்த முட்டை, வேர்க்கடலை, இரண்டு சப்பாத்தி, மலாவியிலும் சாம்பியாவிலும் கிடைக்கும் நிலக்கடலை வெண்ணெய் டப்பா ஆகியவை பையில் இருந்தால் போதும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் என் தீர்ப்பு தடுமாறும்: காலரா. 2022–23இல் மலாவியும் 2023–24இல் சாம்பியாவும் பெரிய அளவில் அதைச் சந்தித்தன, இரண்டும் மழைக்காலத்தில் உச்சம் தொட்டன. அப்படிப்பட்ட காலத்தில் கொதிக்கிற பானையிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவதை மட்டும் சாப்பிடுங்கள். அல்லது நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தண்ணீர்: வடிகட்டி, குளோரின், பாட்டில்

தண்ணீரில் போட்டி கடுமை. பாட்டில் தண்ணீர் பெரிய சாலைகளில் கிடைக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு ஆறேழு லிட்டர் குடிக்கிறவனுக்குச் செலவும் பிளாஸ்டிக் குப்பையும் கட்டுப்படியாகாது. 0.1 மைக்ரான் துளையுள்ள இழை வடிகட்டி பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. குளோரின் வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணியிடம் தோற்கும், கலங்கல் தண்ணீரில் வலுவிழக்கும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதால் இது ‘அல்லது’ கேள்வி இல்லை: முதலில் வடிகட்டுங்கள், பிறகு குளோரின் இட்டு அரை மணி நேரம் விடுங்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் வாட்டர்கார்டு, சாம்பியாவில் குளோரின் என்றே பெயரிட்ட சிறு புட்டி எனக் கடைகளில் கேட்டு வாங்கலாம். புற ஊதா விளக்குப் பேனாவுக்கு என் ஓட்டு இல்லை. மின்கலம் தீர்ந்தால் அது வெறும் பேனா.

இவை எல்லாவற்றையும்விட நல்லது ஆழ்துளைக் கிணற்றின் கைப்பம்பு. சாம்பியாவில் நீங்கள் அடிக்கும் பம்பு பெரும்பாலும் இந்தியா மார்க் 2 ஆக இருக்கும். 1970களில் யூனிசெஃப் உதவியோடு இந்தியாவில் உருவாகி, கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் சோதிக்கப்பட்ட அதே இரும்புப் பம்பு. ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்றால் அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள். அந்த வரிசை நல்ல அடையாளம்தான், ஆனால் தண்ணீர் சுத்தம் என்பதற்குச் சான்று அல்ல. சந்தேகமிருந்தால் குளோரின் போடுங்கள்.

குடிப்பதற்கு மட்டுமல்ல, குளிப்பதற்கும் ஒரு எச்சரிக்கை. மலாவி ஏரி பளிங்குபோல் இருக்கும், ஆனால் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்கிற புழுநோய் அதில் உண்டு. இறங்கினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிராசிகுவாண்டெல் மாத்திரை அதற்கு மருந்து.

வயிறு போனால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ மருத்துவமனைக்குத்தான்.

மலேரியா மாத்திரைகள்

ஆப்பிரிக்காவில் மிகுதியாக உள்ள ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு குளோரோகுயின் எடுபடாது. போட்டி மூன்று மாத்திரைகளுக்கு இடையே. டாக்சிசைக்ளின் மலிவு, தினமும் ஒன்று, திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். ஆனால் அது தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். நாள் முழுக்கக் கைப்பிடியில் புறங்கையை வெயிலில் நீட்டி வைத்திருப்பவனுக்கு இது சிறிய குறை அல்ல. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். அடோவாகுவோன்–புரோகுவானில் தினமும் ஒன்று, பக்க விளைவு குறைவு, திரும்பியபின் ஏழே நாள். விலை மட்டும் கடிக்கும். கொழுப்பு கலந்த உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். எண்ணெய் தடவிய சப்பாத்தி அந்த வேலையைச் செய்துவிடும். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்றுதான், ஆனால் மனநலம் சார்ந்த பாதிப்புகளுக்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை இணைத்த மருந்து. தனியாகக் கூடாரத்தில் உறங்குகிறவனுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் என் வரிசை: பணமிருந்தால் இரண்டாவது, இல்லையென்றால் முழுக்கைச் சட்டையோடும் கையுறையோடும் முதலாவது.

மாத்திரை போட்டாலும் வலை வேண்டும், வலை இருந்தாலும் காய்ச்சல் வந்தால் சோதனை வேண்டும். தான்சானியாவின் ஊர்ச் சுகாதார நிலையங்களில் விரல்நுனி ரத்தத்தில் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக “ஆப்பிரிக்கா போயிருந்தேன்” என்று சொல்லுங்கள்; இல்லையென்றால் டெங்கு என்று தேடத் தொடங்கி நாள் கடந்துவிடும். புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போதும், இந்தியா திரும்பும்போதும் அந்த அட்டையைக் கேட்கலாம்.

சாம்பெசிக்குத் தெற்கே

2021இல் திறந்த கசுங்குலா பாலத்தைக் கடந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைந்ததும் கணக்கு தலைகீழ். அங்கிருந்து நாட்டா வரை சுமார் 300 கிலோமீட்டர். இடையில் முதல் நூறு கிலோமீட்டரில் பண்டமடெங்கா என்ற ஊர், அதற்குப் பிறகு ஏறத்தாழ யானைகள் மட்டுமே. சாலையோரப் பானைகள் இல்லை. இருப்பது ஊர்களில் உள்ள சூப்பர்மார்க்கெட். நமீபியாவிலும் பெரும்பகுதி இப்படித்தான். இங்கே அடுப்பு வென்றுவிடுகிறது, சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் சாம்பெசிக்காக நைரோபியிலிருந்தே மூன்று கிலோ சுமப்பதா? வேண்டாம். ஸ்பிரிட்டில் எரியும் சிறு அடுப்பு சில நூறு கிராம்தான். அதைப் பையின் அடியில் போட்டுவிட்டு லிவிங்ஸ்டன் வரை மறந்துவிடலாம். தெற்கே அதற்கான மெத்திலேட்டட் ஸ்பிரிட் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. லிவிங்ஸ்டனில் அரிசி, துவரை வகைப் பருப்பு, வெங்காயம், எண்ணெய், பால்பொடி வாங்கி நிரப்புங்கள். பச்சை இறைச்சி வேண்டாம். கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகளில் பிடுங்கிக்கொள்வார்கள். பண்டமடெங்காவுக்கும் நாட்டாவுக்கும் நடுவே இருட்டுக்கு முன் சமைத்து முடித்து, உணவு வாசனையைக் கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். பழம் ஒன்றையும் உள்ளே வைக்காதீர்கள், யானைக்கு மூக்கு நீளம்.