சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கம்: ஹாம் ரேடியோக்காரர்கள் ஒருமுறையாவது ஏறிப் பார்க்க வேண்டிய இடம்

லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, இந்த சனிக்கிழமை எங்கே போகலாம்பா என்று அவள் கேட்டதும் சட்டென்று சொன்ன பெயர் இதுதான். இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் டோவர் பக்கம், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் உச்சியில் கடலைப் பார்த்து நிற்கிறது. ஆகஸ்டின் மூன்றாவது முழு வார இறுதி அது. உலகம் முழுக்க ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக உரிமம் வாங்கி ரேடியோவில் பேசுபவர்கள், கலங்கரை விளக்கங்களின் அடியில் ஆண்டெனா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 48 மணி நேரம். அந்த நாளில் இங்கே நிற்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

முதலில் ஒரு எச்சரிக்கை. வாசல் வரை கார் போகும் என்று எங்களை ஏற்றி வந்த டிரைவர் அடித்துச் சொன்னார், போகவில்லை. பாறை ஓரத்துப் பார்வையாளர் மையத்தில் இறங்கி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஏற்ற இறக்கமான பாதையில் நடக்க வேண்டும், காற்று வேறு ஆளைத் தள்ளும். முட்டி வலிக்காரர்கள் நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபுரம் 1843இல் கட்டியது. மின்விளக்கு எரிந்த முதல் கலங்கரை விளக்கம் இது, 1858இல், அந்தச் சோதனைகளை மேற்பார்த்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. அதுவே பெரிய விஷயம்தான், ஆனால் நான் போனது கம்பியில்லாத் தந்தியின் முன்னோடி மார்க்கோனிக்காக. கடலில் கொஞ்ச தூரத்தில் குட்வின் மணல்திட்டு இருக்கிறது, கணக்கில்லாத கப்பல்களை விழுங்கிய இடம். மணலில் கோபுரம் எழுப்ப முடியாததால் விளக்கை ஒரு கப்பலில் ஏற்றி நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். 1898 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி நின்ற அந்த கிழக்கு குட்வின் விளக்குக் கப்பலில் மார்க்கோனியின் உதவியாளர் ஜார்ஜ் கெம்ப் கருவியோடு உட்கார்ந்திருக்க, அங்கிருந்து இந்தக் கட்டடத்துக்குக் கம்பியில்லாத் தந்தியில் வாழ்த்துச் செய்தி வந்தது. அடுத்த மார்ச்சிலேயே மூடுபனியில் எல்பே என்ற ஜெர்மானியக் கப்பல் மணலில் தட்டி நின்றபோது, விளக்குக் கப்பல் இங்கே செய்தி அனுப்ப, ராம்ஸ்கேட் துறைமுகத்திலிருந்து உயிர்காப்புப் படகு கிளம்பியது. ஏப்ரலில் ஆர். எஃப். மாத்யூஸ் என்ற நீராவிக் கப்பல் அந்த விளக்குக் கப்பல் மீதே மோத, அது தனக்காகவே உதவி கேட்டது. நடுவில் மார்ச் 27 அன்று பிரான்ஸின் விமரூவிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க் கடலைத் தாண்டி இங்கே செய்தி வந்து சேர்ந்தது. நான்கே மாதத்தில் இவ்வளவும்! மேலே ஏறி, ஆள் உயரத்தை மிஞ்சிய அந்தக் கண்ணாடி லென்ஸைத் தாண்டிக் கடலைப் பார்த்தபோது, கெம்ப் அந்த டிசம்பர் அலையில் மோர்ஸ் கட்டையை எப்படித்தான் பிடித்துக்கொண்டு அடித்தாரோ என்றுதான் தோன்றியது.

சரி, ஹாம்களின் வார இறுதி எங்கே பிறந்தது? இங்கே இல்லை, ஸ்காட்லாந்தில். மேற்குக் கரையில் உள்ள ஏர் நகரத்தின் அமெச்சூர் ரேடியோ (ஹாம்) குழு, ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்களை வைத்து 'நார்தர்ன் லைட்ஸ்' என்று ஒரு விருது நடத்திவந்தது. அதிலிருந்து வளர்ந்துதான் 1998இல் இது சர்வதேச நிகழ்ச்சி ஆனது. போட்டி கிடையாது, பரிசு கிடையாது, இத்தனை வாட் இந்த ஆண்டெனா என்ற கட்டாயமும் கிடையாது. கலங்கரை விளக்கத்திலோ அதை ஒட்டியோ நிலையம் போட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த வருடம்தான். ஸ்காட்லாந்தின் கடைசி விளக்குக் காவலர்கள் ஃபேர் தீவிலிருந்து இறங்கியது 1998 மார்ச் 31இல். டோவர் இருக்கும் இதே கென்ட் மாவட்டக் கரையில் நார்த் ஃபோர்லேண்ட், பிரிட்டனிலேயே ஆள் இருந்த கடைசி கலங்கரை விளக்கம், அதே வருடம் நவம்பரில் தானியங்கி ஆனது. மனிதர்கள் கீழே இறங்கிய வருடத்தில்தான் ஹாம்கள் அந்த வாசல்களுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் நின்ற கோபுரத்திலோ 1988இலேயே விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கீழே இறங்கி, அங்கேயே இருக்கும் தேநீர்க் கடையில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் புல்வெளியில் உட்கார்ந்தேன். பையில் சின்ன ஷார்ட்வேவ் ரிசீவர், உருவி நீட்டும் ஆண்டெனா மட்டும். ஹாம்கள் பேசும் 40 மீட்டர் அலைவரிசையில் குமிழை மெதுவாகத் திருப்பத் திருப்ப, வாத்து கத்துவது மாதிரி இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனிந்து மனிதக் குரல் ஆனது. "சிக்யூ, சிக்யூ, லைட்ஹவுஸ் வீக்கெண்ட்" என்று, கேட்கிற யாரும் பதில் சொல்லலாம் என்ற ஹாம் அழைப்பை, கனமான ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் விடுத்தார் ஒரு பெரியவர். மகளிடம் ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தேன். யாருப்பா இது என்றாள். ஏதோ ஒரு கலங்கரை விளக்கத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்மா என்றேன். அவள் இயர்போனைத் திருப்பித் தரவே இல்லை, கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் போவதாக இருந்தால் கட்டாயம் ஒரு ரிசீவர் எடுத்துப் போங்கள், இயர்போனோடு. அந்தக் காற்றில் ஸ்பீக்கர் சத்தம் காதில் விழாது.