ஓடும்போது சிறுநீர் கசிகிறதா? இடுப்புத்தள பிசியோதெரபிக்குப் போய்ப் பாருங்கள்

ஓடும்போது சிறுநீர் கசிகிற பெண்கள், பேட் வாங்கிக் குவிப்பதற்கு முன்னால் இடுப்புத்தளத் தசைகளுக்கான (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) பிசியோதெரபிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், அவ்வளவு பிரயோஜனமான சேவை இது. நான் போன இடத்தில் அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, தசையை இறுக்கும்போது சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி மேலே எழும்புவதைத் திரையில் காட்டினார்கள். இது பெரிய விஷயம், ஏனென்றால் கெகல் பயிற்சி (இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) செய்வதாக நினைத்துக்கொண்டு பலர் மூச்சைப் பிடித்துக் கீழ்நோக்கி முக்குகிறார்கள், அது நேர் எதிரான வேலை. 8 முறை இறுக்கித் தளர்த்துவது, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம், இதுதான் அடிப்படை. தளர்த்தவும் தனியாகச் சொல்லித் தந்தார்கள். சிலருக்குத் தசை எப்போதும் இறுகியே கிடக்கும், அவர்களை இன்னும் இறுக்கச் சொன்னால் கெடுதல்தான். அப்புறம், தும்மல் வருவதற்குச் சற்று முன்பே இறுக்கிக்கொள்ளும் உத்தி, அருமை! ஒரே குறை, வீட்டில் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதித் தரவில்லை, கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, தூரத்தைக் குறைத்து மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும்தான் இது என்று விட்டுவிடாதீர்கள், பிரசவமே ஆகாத இளம்பெண்களுக்கும் வருகிறது, அவர்களும் தயங்காமல் போகலாம்.