பகலில் கண்ணை உறுத்தும் ஷோ கருவிகள்: மறைப்பு வேலைகளில் எது நீடிக்கிறது?

பூங்காவில் திறந்தவெளி இரவு ஷோ முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஸ்பீக்கரும் புரொஜெக்டரும் லைட் கம்பமும் மறுநாள் பகல் முழுக்க அங்கேயேதான் நிற்கும். பல சீசன் வெயில், மழைக்குப் பிறகு சொல்கிறோம்: முதல் காசைப் பெயின்டில் போடுங்கள். பெட்டி, உறை எல்லாம் அப்புறம்.

டிஸ்னி பூங்காக்களில் 'கோ அவே கிரீன்' என்று சாம்பல் ஓடிய ஒரு பச்சை உண்டு. செடிகொடிக்கு முன்னால் இருக்கும் கதவு, மின்பெட்டி, கம்பம் எல்லாவற்றுக்கும் அந்த வகை நிறம் அடிப்பார்கள். இதைப் பார்த்து அடர்பச்சை வாங்கினால் வேலை கெட்டது. இலைக்கூட்டத்தில் நிழலும் சருகும் கலந்திருப்பதால் சுத்தமான பச்சை தனியே துருத்தும். நிறம் சரியாக அமைந்தாலும் பளபளப்பு இருந்தால் வெயிலில் மின்னும். மேட் ஃபினிஷ் மட்டுமே உதவும். பின்னணி வானமாக இருந்தால் வெளிர் சாம்பல் நீலம். மூன்று சாயலை அட்டையில் அடித்து, மக்கள் நிற்கும் இடத்திலிருந்து காலையிலும் உச்சிவெயிலிலும் பார்த்து முடிவெடுங்கள்.

ஸ்பீக்கரின் முன்னால் இருக்கும் துளைத் தகடான கிரில்லில் பிரஷ் படவே கூடாது. துளை அடைபட்டால் ஒலியின் தெளிவு போய்விடும். கிரில்லைக் கழற்றி, உள்ளே ஒட்டிய ஃபோமை எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று மெல்லிய இரண்டு கோட் ஸ்பிரே செய்தால் போதும்.

பாறை போலவே செய்த ஃபைபர்கிளாஸ் உறை பார்க்க அருமை. ஆனால் புரொஜெக்டரை உள்ளே வைத்தால் சூடுதான் எதிரி. பல புரொஜெக்டர்கள் சுமார் 40 டிகிரி வரைதான் தாங்கும். வெளியேறிய சூடான காற்றே மறுபடி உள்ளே இழுக்கப்பட்டால் ஷோ நடுவில் தானாக அணைந்துவிடும். காற்று நுழையும் வழி கீழே, வெளியேறும் வழி எதிர்ப்பக்கம் மேலே, இரண்டும் கலக்காமலிருக்க நடுவில் ஒரு தகடு. முன்கண்ணாடியைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினால் ஒளி லென்ஸுக்கே திரும்பாது. ஃப்ளோரிடா போன்ற ஈரப்பதத்தில் உள்ளே ஏசி ஓடினால் கண்ணாடியின் வெளிப்புறம் வேர்த்து, படம் மங்கும்; கண்ணாடி மேல் காற்று வீச ஒரு சின்ன ஃபேன் வேண்டும். ஃபில்டரை மாற்ற முழுப் பாறையையும் தூக்க வேண்டியிருந்தால் அந்த வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். கீல் வைத்த கதவு கட்டாயம்.

செடி வைத்து மறைப்பது மலிவு, ஆனால் வளர்ந்து ஒளிப்பாதையை அடைக்கும். நகர்த்த வசதியாகச் சக்கரத் தொட்டியில் வையுங்கள்.

மறைப்பின் உச்சம் டிஸ்னியின் கலிஃபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவில் 2010-இல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் கலர்' நீரூற்று ஷோ. ஏறக்குறைய 1,200 நீரூற்றுகளைத் தாங்கும் மேடை பகலில் ஏரிக்குள் அமிழ்ந்துவிடும். அதை அமைக்க ஏரியையே வற்றவைத்தார்கள். நேர்மாறானது ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்கா எப்காட்டில் 2021 அக்டோபர் 1-இல் தொடங்கிய 'ஹார்மோனியஸ்' ஷோ. நடுவில் பிரம்மாண்ட வளையம், சுற்றிலும் நான்கு மிதவைகள், எல்லாம் பகலிலும் ஏரியில். நீரூற்றுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எதிர்க்கரைக் காட்சியை மறித்த உருவம் மறையவில்லை. 2023 ஏப்ரலில் ஷோ முடிந்து மிதவைகளும் அகற்றப்பட்டன. அவ்வளவு பெரிய உருவத்தைப் பெயின்டோ தண்ணீரோ காப்பாற்றாது. அதனால் ஷோ வடிவமைப்பாளரிடம் இரவு வரைபடத்தோடு, பார்வையாளர் கண் உயரத்திலிருந்து வரைந்த நண்பகல் வரைபடத்தையும் கேளுங்கள். அதைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.