மீட்டர் போச்சு என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

என்னுடையது 12 வருடப் பழைய 100 சிசி வண்டி. போன மாதம் ஸ்பீடோமீட்டர் முள் நாலு நாள் வெடவெடவென்று ஆடியது, ஐந்தாம் நாள் பூஜ்யத்திலேயே படுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் வண்டியைத் தொடக்கூட இல்லை. “மீட்டர் போச்சு சார், செட்டாத்தான் மாத்தணும்” என்றார். 1,450 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு சிரிப்பு. அவசரத்தில் நானும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரியாகப் பதினாறாம் நாள் புது மீட்டரும் படுத்துவிட்டது.

இந்தத் தடவை வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, மீட்டருக்கு அடியில் இருக்கும் கேபிள் நட்டைக் கழற்றி, முன்சக்கரம் தரையில் படாதபடி தூக்கிச் சுற்றினேன். கேபிளுக்குள் இருக்கும் கம்பி சுற்ற வேண்டும், சுற்றவில்லை. சக்கரத்துப் பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதையும் கழற்றிக் கம்பியை உருவினால், சதுரமாக இருக்க வேண்டிய கீழ்நுனி தேய்ந்து உருண்டையாகிக் கிடந்தது. அது அதே பழைய கேபிள். மீட்டர் மாற்றும்போது கழற்றி மாட்டியதில் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முள்ளோடு சேர்ந்து கிலோமீட்டர் எண்களும் நின்றிருந்தன. கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, அந்தச் சுழற்சி அலுமினியக் கிண்ணத்தை இழுத்து முள்ளை நகர்த்துகிறது. எண்களைத் தள்ளும் பற்களும் அதே கேபிளில்தான் ஓடுகின்றன. இரண்டும் ஒன்றாகச் செத்தால் பெரும்பாலும் கோளாறு கீழே, கேபிளிலோ வீல் டிரம்மில் இருக்கும் பல்சக்கரத்திலோ. எண்கள் ஓடி முள் மட்டும் நின்றால்தான் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும். (சென்சார் வைத்த டிஜிட்டல் மீட்டருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.)

பல்சக்கரத்தில் பல் எதுவும் போகவில்லை. புதுக் கேபிள் 130 ரூபாய். கம்பியில் லேசாக கிரீஸ் தடவினேன், மேல்நுனியை மட்டும் விட்டுவிட்டேன், அது மீட்டருக்குள் ஏறினால் வேறு தலைவலி. வளையாமல் பழைய வழியிலேயே கொண்டுபோய் மாட்டினேன். கைக்கு அரைமணி நேர வேலை. முள் இப்போது ஆடுவதே இல்லை.

பணத்தை விடுங்கள். வண்டி 61,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது, புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிட்டது. நாளைக்கு விற்கப் போனால் எண்ணைத் திருப்பியவன் என்றுதானே பார்ப்பார்கள்? பழைய மீட்டரையாவது வாங்கி வைக்கலாம் என்று திரும்பப் போய்க் கேட்டேன். “அது அன்னைக்கே காயலான் கடைக்குப் போயிருச்சே சார்.” மீட்டர் மாற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரச் சொன்னேன். அதற்கும் அதே சிரிப்பு.