இரண்டு அணுக் கொள்கைகள்: டெமாக்ரிட்டஸும் கணாதரும்

பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் பிரிப்பு நிற்கும், அதுவே அணு. இதுவரை இருவருக்கும் ஒரே வழிதான்.

பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டில் அப்டேராவில் பிறந்த கிரேக்கர் டெமாக்ரிட்டஸின் அணுக்களுக்கு நிறமில்லை, சுவையில்லை. வடிவமும் அளவும் அடுக்கும் மட்டுமே வேறுபடும். இனிப்பும் கசப்பும் வழக்கால் வந்தவை. உண்மையில் இருப்பது அணுவும் வெற்றிடமும் மட்டுமே என்றார்.

பண்டைய இந்தியச் சிந்தனையாளர் கணாதரின் வைசேடிகம் என்னும் தத்துவப் பள்ளியோ குணத்தை அணுவுக்குள்ளேயே வைத்தது. நில அணுவுக்கு மணமும், நீர் அணுவுக்குச் சுவையும், தீ அணுவுக்கு நிறமும், காற்று அணுவுக்குத் தொடு உணர்வும் சிறப்புக் குணங்கள். பின்வந்த உரையாளர்கள் சேர்க்கைக்குக் கணக்கும் தந்தார்கள்: இரண்டு அணு சேர்ந்தால் துவியணுகம், மூன்று துவியணுகம் சேர்ந்தால் திரியணுகம். சன்னல் வெயிலில் மிதக்கும் துகள்தான் அந்தத் திரியணுகம். கண்ணுக்கு எட்டாததைக் கண்ணுக்கு எட்டுவதோடு இணைத்த இந்தத் துணிச்சல் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அணுவை முதலில் அசைத்தது எது? கணாதர் வழியில் 'அதிருஷ்டம்' என்னும் காணா விசை. வினைப்பயனும் அதனுள் அடங்கும். டெமாக்ரிட்டஸுக்கு அசைவு என்றென்றும் உள்ளது, காரணம் தேவையில்லை. அரிஸ்டாட்டில் இதைக் குறையாகச் சொன்னார்.

குணமற்ற துகள்களின் அமைப்பிலிருந்தே குணம் பிறக்கிறது என்ற டெமாக்ரிட்டஸின் பார்வையே இன்றைய வேதியியலுக்கு நெருக்கமானது என்பேன். ஆனால் இருவரிடமும் சோதனை இல்லை. எடை விகிதங்களைக் கொண்டு ஆங்கில வேதியியலாளர் டால்டன் அணுவை வாதிட்டது 1800களின் தொடக்கத்தில்தான்.