என்.எல்.பி. இலக்கு வகுப்பு: சில வருடம் புழங்கிய பிறகு

ஃபீஸ் பாதியாகிவிட்டது, சேரலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வண்ணார்பேட்டையில் ஓட்டல் ஹாலில் ரெண்டு நாள் நடக்கும் என்.எல்.பி. வகுப்பைத்தான். நியூரோ லிங்குயிஸ்டிக் புரோகிராமிங் என்பதன் சுருக்கம் அது; பேச்சையும் மனதில் ஓடும் படத்தையும் மாற்றினால் ஆளே மாறலாம் என்று சொல்லும் பயிற்சி. அதில் என்ன இருக்கும் என்பது யூடியூபிலேயே கிடக்கிறது. கற்றதைக் கடையிலும் வீட்டிலும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு கேள்விக்காக அந்த வகுப்பை நான் மறக்க மாட்டேன். "இது யார் கையில இருக்கு?" இலக்கு என்றால் நாமே தொடங்கி நாமே நடத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என்.எல்.பி.யின் விதி. அன்றைக்கு ஹாலில் பாதிப் பேர் பிள்ளைகள் மார்க்கைத்தான் எழுதியிருந்தோம். பயிற்சியாளர் என் தாளில் இருந்த "மக நீட்ல நல்ல மார்க் எடுக்கணும்" என்ற வரியை அடித்துவிட்டு, "அது பிள்ளையோட இலக்கு அண்ணாச்சி, உங்களோடது எங்க?" என்றார்.

மறுபடி எழுதினேன். ராத்திரி ஏழரைக்கு டிவி அணைந்திருக்கும். என் போன் பீரோவுக்குள் இருக்கும். அவள் படித்து முடிக்கிறவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைக் கணக்கு எழுதுவேன். அவ்வளவுதான். "படிச்சியா, படிச்சியா" என்ற நச்சரிப்பு வீட்டில் நின்றது. மார்க் பேப்பரை ஒளித்து வைத்த பிள்ளை, "யப்பா, ஃபிசிக்ஸ்ல குறைஞ்சிட்டு" என்று தானே வந்து சொல்ல ஆரம்பித்தாள். இதற்கு நான் விலை போட முடியாது.

இன்னொரு கேள்வியும் நல்லது: கிடைத்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்? "கடன் அடையணும்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தது, "சனிக்கிழமை கடை அடைக்கும்போது மொத்த வியாபாரிக்குரிய பணம் தனிக் கவரில் இருக்கணும்" என்று மாறியது. கவர் இருக்கிறதா இல்லையா, கண்ணால் பார்த்துவிடலாம்.

கோபம் வருவது மற்றதில்தான். வெற்றியைப் பெரிய படமாக, பளிச்சென்று மனதில் ஓட்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அழுத்து, தைரியம் வரும். கண் போகும் திசையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம். எல்லாம் மூளை விஞ்ஞானமாம். 1970களில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரிண்டரும் சிகிச்சை நிபுணர்களின் பேச்சைக் கவனித்து உருவாக்கிய முறை இது. மூளையைச் சோதித்து வந்ததல்ல. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1988-லேயே இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. கண் அசைவுக்கும் பொய்க்கும் சம்பந்தம் இல்லை என்று 2012-ல் சோதித்தே காட்டினார்கள். வகுப்பில் இதில் ஒரு வார்த்தை கிடையாது. மாறாக, "எப்போ, எங்கே, என்ன செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வது பலன் தருகிறது என்பதற்கு 94 சோதனைகளைத் தொகுத்த 2006 ஆய்வு இருக்கிறது. அதை அங்கே அஞ்சு நிமிடத்தில் தாண்டிப் போனார்கள்.

என்னோடு அந்த வகுப்பில் இருந்த ஒரு பையன் குரூப் 4 எழுதினான். கிடைக்கவில்லை. "உனக்கு உள்ளுக்குள்ள சந்தேகம் இருந்திருக்கு, படத்தை இன்னும் பெரிசாக்கு" என்று அடுத்த வகுப்புக்குப் பணம் கேட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிற பரீட்சை, சில ஆயிரம் இடம். யார் கையில இருக்கு என்று என் மகள் விஷயத்தில் கேட்டவர்கள், அந்தப் பையனிடம் ஏன் கேட்கவில்லை? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் பாதி ஃபீஸ் என்றாலும் சேர வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேலே எழுதிய ரெண்டு கேள்வியும், எப்போ எங்கே என்பதும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். வீட்டில் யாருக்காவது இதனால் இடைஞ்சலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் முதல் நாள் காலை வகுப்பை விடாதீர்கள், அது உண்மையிலேயே அருமை. ரெண்டாம் நாள் மத்தியானம் மாஸ்டர் பிராக்டிஷனர் என்ற மேல்கட்டக் கோர்ஸுக்கு ஃபாரம் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.