ஃபார்மேட் போடாமலே பிழைத்த என் கம்ப்யூட்டர்

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது இந்த சர்வீஸ் கடை. படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. முழங்கால் வலிக்காரர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்.

நான் வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கை, பழைய தட்டச்சு முறையில்தான் ஓடும். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். தை முகூர்த்தத்துக்கான வேலை எல்லாம் மார்கழியில்தான் குவியும். அந்த நேரம் பார்த்து, தமிழ் எழுத்துரு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவ உட்கார்ந்தேன். பாதியில் 1603 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றது. விடாமல் மூன்று முறை மறுபடியும் முயன்றது என் தப்புதான். ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரை. அதுவே ரீஸ்டார்ட் ஆகி மறுபடி நீலத்திரை. உள்ளே 11 பத்திரிகைகள், அதில் மூன்று மறுநாள் அச்சுக்குப் போக வேண்டியவை.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் காட்டினேன். இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஹார்ட் டிஸ்க் போச்சும்மா, புதுசு மாத்தி ஃபார்மேட் போட்டுரலாம், 4,500 ஆகும்" என்றார். உள்ளே இருப்பதெல்லாம்? "அது கஷ்டம்." எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடைத் தம்பி கேட்ட முதல் கேள்வியே வேறு. "அக்கா, இதுக்குள்ள போனா திரும்ப வராததுன்னு என்னென்ன இருக்கு?" சொன்னேன். கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஒரு நிரலை ஓட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். டிஸ்க் நன்றாகவே இருந்தது. டி டிரைவையும், நான் சோம்பேறித்தனமாக டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருந்த கோப்புகளையும் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தார். அதோடு விடாமல் சி டிரைவில் இருந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு எழுத்துரு இல்லாமல் திறந்தால், மணமகன் பெயர் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை போலத் தெரியும். இது தெரிந்த சர்வீஸ்காரரை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் வைத்தியம். விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தார். எனக்குப் பதறியது. அப்படிச் செய்தால் ரிப்பேர் மெனு தானாக வருமாம், வந்தது. விண்டோஸைப் பழைய நல்ல நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயிண்ட் எதுவும் இல்லை. அந்த வசதியே அணைந்து கிடந்திருக்கிறது. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குள் போய், எதனால் முடங்கியது என்று நீலத்திரை பதிந்துவிட்டுச்சென்ற டம்ப் கோப்பைத் திறந்து பார்த்தார். குற்றவாளி, அந்த எழுத்துரு மென்பொருளின் யூ.எஸ்.பி. டாங்கிளை (காசு கொடுத்து வாங்கியதுதான் என்று காட்டச் செருகும் சாவி) இயக்கும் டிரைவர் நிரல். நிறுவல் பாதியில் நின்றாலும் அது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தார். என் டெஸ்க்டாப் வந்தது, மீனாட்சி படத்தோடு.

வேலை அதோடு முடியவில்லை. பாதி நின்ற மென்பொருளை நீக்க வேண்டும். அது சேஃப் மோடில் நடக்காதாம், மென்பொருளை நிறுவவும் நீக்கவும் வேண்டிய விண்டோஸ் இன்ஸ்டாலர் அங்கே ஓடாது. அதனால்தான் முதலில் விண்டோஸை எழுப்பியிருக்கிறார். நீக்கிய பிறகு, விண்டோஸின் பழுதான கோப்புகளைச் சரிசெய்யும் டிஸ்ம், எஸ்.எஃப்.சி. என்று இரண்டு கட்டளைகளைக் கறுப்புத் திரையில் ஓட்டினார். முதலாவது 62.3 சதவீதத்தில் அசையாமல் நின்றது. "அது அங்கதான் தூங்கும், தொடாதீங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார். வந்து பார்த்தால் 100.

கூலி 800 ரூபாய். 2025 அக்டோபர் 14-ஓடு என்னிடம் இருக்கும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டதையும், என்னுடைய நான்காம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்காது என்பதையும் சொன்னார். ஆனால் புதிதாக வாங்கு என்று நச்சரிக்கவில்லை. இதைப் பத்திரிகை வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு நெட்டைக் கழற்றிவிடுங்கள், பேங்க் வேலையெல்லாம் போனில் பாருங்கள் என்றார். ரீஸ்டோர் பாயிண்ட் வசதியைப் போட்டுக்கொடுத்து, எதை நிறுவும் முன்னும் ஒன்று உருவாக்கச் சொன்னார்.

குறையும் உண்டு. சாயங்காலம் என்று சொல்லிவிட்டு மறுநாள் மதியம்தான் கொடுத்தார். நடுவில் எட்டு முறை போன் செய்தேன், எடுக்கவே இல்லை. மூன்று கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் நான்தானே பதில் சொன்னேன்? கேட்காமலே ஏதோ ஒரு இலவச ஆன்டிவைரஸையும் ஏற்றியிருந்தார். ஓயாமல் விளம்பரம் காட்டியது, தூக்கிவிட்டேன். பில் கேட்டால் துண்டுச் சீட்டு.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போனை எடுத்திருந்தால் ஐந்தே கொடுத்திருப்பேன். டாங்கிள் இருக்கிறவர்கள் அதையும் கையோடு கொண்டுபோங்கள். நான் மறந்துபோய், அந்தப் படிக்கட்டை இரண்டாவது முறையும் ஏறினேன்.